வெறுங்குழாய் அக்கா

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். பாசம் பிறகு வரும். அவளால் ஒரு இடத்தில் நிற்க முடியாது. பேசும்போது நடப்பாள், படிக்கும்போது நடப்பாள், அடுப்பில் வைத்தது கொதிக்கட்டும் என்று காத்திருக்கும்போது சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே கதவுக்கும் ஜன்னலுக்கும் போய் வருவாள். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூத்துக்குடியில் எதுவும் ஓரிடத்தில் நிற்காது. தெருப்புழுதி, கூரைத் தகரம், கொடியில் போட்ட துணி எல்லாம் பறக்கும். வெளியே காற்றும் உள்ளே அக்காவுமாக எனக்குத் தலை சுற்றும். "செத்த நேரம் சும்மா இருங்கக்கா" என்று கெஞ்சினால், "சும்மாதான இருக்கேன்" என்பாள், நடந்துகொண்டே.

எழுபதுகளின் நடுவில் நான் அங்கே ஆராய்ச்சி மாணவி. கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கை மாற்றி ஆய்வுக்கூடம் ஆக்கியிருந்தார்கள். கடல்பாசி, கடற்பஞ்சு இப்படிக் கடலுக்கடியில் கிடப்பவற்றைக் கொண்டுவந்து, ஊறவைத்து, சத்தை இறக்கி, அதில் உலகத்தில் யாரும் இதுவரை காணாத பொருள் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது எங்கள் வேலை. அக்கா அங்கே சம்பளத்துக்கு இருந்த வேதியியல்காரி. நாசரேத்துப் பெண். என்னைவிட நாலைந்து வயது மூப்பு, அவ்வளவுதான். அவள் எனக்கு வாத்தியாரும் இல்லை, நான் அவளுக்கு உதவிக்காரியும் இல்லை. பக்கத்துப் பக்கத்து மேஜை. அதுதான் என் தலையெழுத்து.

சத்தை இறக்கிவிடலாம். அது என்ன பொருள் என்று சொல்ல எங்களிடம் கருவி கிடையாது. பெங்களூரில் ஒரு பெரிய காந்தம் இருந்தது. மெல்லிய கண்ணாடிக் குழாயில் சத்தைக் கரைத்து அடைத்து, அந்தப் பக்கம் ரயிலேறுகிறவர் யாரிடமாவது கையில் கொடுத்தனுப்புவோம். அங்கே அந்தக் குழாயைக் காந்தத்தின் நடுவில் சுழலவிட்டு, ரேடியோ அலையைச் செலுத்துவார்கள். பொருளுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றனவோ அதற்கேற்ப ஒரு பேனா நீளத் தாளில் மேடு மேடாக வரைந்துகொண்டே போகும். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நாங்கள் என்.எம்.ஆர். என்போம். மேடுகளைப் பீக் என்போம்.

அந்தப் பேனாவுக்கு ஒளிவுமறைவு கிடையாது. தொல்லையே அதுதான். குழாய்க்குள் எது இருந்தாலும் வரைந்து வைத்துவிடும். கரைக்க ஊற்றிய திரவம், காற்றிலிருந்து ஏறிய ஈரம், கண்ணாடி மூடியில் தடவிய கிரீஸ், ரப்பர் குழாயிலிருந்து கசிந்தது, தொட்டவளின் தலையெண்ணெய். இதில் எது நாம் தேடிய பொருள், எது பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது என்று அது பிரித்துச் சொல்லாது.

அக்காவின் பிழைப்பே அதைப் பிரிப்பதுதான். எந்தச் சத்தை இறக்கினாலும், அதே பாத்திரம், அதே திரவம், அதே அடுப்பு, அதே கை, எல்லாவற்றையும் வைத்து இன்னொரு தடவை முழு வேலையையும் செய்வாள். கடற்பஞ்சை மட்டும் போட மாட்டாள். கடைசியில் ஒன்றுமில்லாத ஒரு குழாய் கிடைக்கும். அதையும் சேர்த்து பெங்களூருக்கு அனுப்புவாள். ஆய்வுக்கூடத்துப் பையன்கள் அதை வெறுங்குழாய் என்றார்கள். அவளையும் வெறுங்குழாய் அக்கா என்றே கூப்பிட்டார்கள். பாதி நாள் குடிதண்ணீர்க் குழாயில் காற்று மட்டும் வரும் ஊரில் அந்தப் பட்டம் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

தாள்கள் வந்ததும் ஜன்னலுக்குப் போவாள். வெயில் அடிக்கும் கண்ணாடியில் வெறுங்குழாயின் தாளை வைத்து, அதன்மேல் எங்கள் தாளை ஒட்டவைத்துப் பிடிப்பாள். இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கும் பீக்குகளைச் சிவப்புப் பென்சிலால் ஒவ்வொன்றாக அடிப்பாள். "இவன் கூட்டத்தோட வந்தவன். இவனும் கூட்டத்தோட வந்தவன்" என்று முணுமுணுத்துக்கொண்டே அடிப்பாள். கடைசியில் அடிபடாமல் ஏதாவது நின்றால் அதைப் பென்சில் முனையால் தட்டி, "இப்ப இவன் யாருன்னு கேளு" என்பாள். இன்றைக்கு இந்த வேலையைக் கணினி கண்சிமிட்டும் நேரத்தில் முடித்துவிடுகிறதாம். இருக்கட்டும். அது முணுமுணுக்காது.

ஆய்வுக்கூடத்தோடு இதை விட்டிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. அவள் எங்கே போனாலும் இதையே செய்தாள். காப்பிக் கடைக்குப் போனால் காப்பி வரும்முன் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பார்ப்பாள். காப்பி உப்புக் கரித்தால் அது காப்பியின் குற்றமா, ஊர்த் தண்ணீரின் குற்றமா என்று தெரிய வேண்டுமாம். கடைக்காரர் ஒருநாள் பொறுமையிழந்து, "ஏம்மா, காப்பி நல்லாருக்கா இல்லையா, அதச் சொல்லும்மா" என்றார். "காப்பி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, தண்ணிதான் சரியில்ல" என்றாள். அவருக்கு அதில் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

அவளைப் பெண் கேட்டு ஒரு தரகர் வந்த கதையை அவளே சொல்லிச் சிரிப்பாள். பையன் குடிக்க மாட்டான், சிகரெட் தொட மாட்டான், பெரியவர்கள் முன்னால் குரல் உயர்த்த மாட்டான் என்று தரகர் அடுக்கியிருக்கிறார். அக்கா, "எங்க தெருவுல கட்டிப்போட்ட பசுவும் அப்படித்தான் இருக்கு. அதெல்லாம் கழிச்சிட்டு மிச்சம் என்ன இருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள். தரகர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு நாசரேத்துப் பக்கம் எந்தத் தரகரும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

சிரிக்க முடியாத சமயங்களும் உண்டு. பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. நாங்கள் இருவரும் போயிருந்தோம். ஓவென்று அழுத ஒரு பெண்ணைக் காட்டி, "அவ எல்லாச் சாவுக்கும் இப்படித்தான் அழுவா. அந்தா தூணோட நிக்காளே, வாயத் தொறக்காம, அவளப் பாரு" என்று என் காதில் சொன்னாள். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் என்னால் மனம்விட்டு அழ முடிந்ததில்லை. அழுகை வரும்போதே இது எல்லாருக்கும் வருவதுதானே என்று தோன்றிவிடும். அந்தச் சனியனை என் மண்டைக்குள் போட்டுவிட்டது அவள்தான்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு சேலை எடுத்துக்கொடுத்தேன். நீலத்தில் மெல்லிய கரை போட்டது. வாங்கிக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எனக்குன்னு எடுத்ததா, பண்டிகைக்கு எடுத்ததா?" என்று கேட்டாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து என் மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். மன்னிப்புக் கேட்கிறாளாம்.

என் கதைக்கு வருகிறேன். அப்பாவுக்குச் சாத்தான்குளத்தில் கருப்பட்டி மண்டி. என்னைக் காலேஜுக்கு அனுப்பியதற்கே சொந்தக்காரர்களிடம் வேண்டிய அளவு பேச்சு வாங்கியிருந்தார். ஆராய்ச்சி என்று நான் தூத்துக்குடிக்குக் கிளம்பியபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். திருநெல்வேலியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தது. அவர்களுக்குப் படித்த பெண் வேண்டும், படித்துக்கொண்டிருக்கும் பெண் வேண்டாம். "புதுசா ஏதாச்சும் கண்டுபிடிச்சிட்டன்னா பட்டம் வாங்குத வரைக்கும் நான் அவுகள நிறுத்தி வைக்கேன். இல்லன்னா வார ஆவணியில கல்யாணம்" என்றார். அப்பா வியாபாரி. சொன்ன தவணை சொன்ன தவணைதான்.

அந்த வருஷம் பங்குனியில் எனக்கு அது கிடைத்தது, அல்லது கிடைத்ததாக நினைத்தேன். தருவைகுளத்தில் சங்கு குளிக்கும் அண்ணாச்சி ஒருவர், கடலுக்கடியில் பாறையில் ஒட்டியிருந்த செம்மண் நிறக் கடற்பஞ்சைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் இறக்கிய சத்துக்குப் பெங்களூரிலிருந்து வந்த தாளில், வலது ஓரத்தில் கூரிய பீக்குகள் வரிசையாக நின்றன. எந்தக் கடற்பஞ்சுக்கும் அப்படி ஒரு வரிசையை நான் படித்ததில்லை. எங்கள் டைரக்டர் அன்றைக்கே எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். கட்டுரைக்குத் தலைப்புக்கூட யோசித்துவிட்டார். நான் அப்பாவுக்குச் சொல்லியனுப்பினேன். அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அக்கா லட்டைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தாள். வெறுங்குழாயின் தாளோடு வைத்துப் பார்த்தாகிவிட்டது. அந்தப் பீக்குகள் அதில் இல்லை. அவள் முறைப்படியே அது தேறிவிட்டது. ஆனாலும் நடந்தாள்.

"இப்ப என்னக்கா?" என்றேன்.

"நம்ம வெறுங்குழாய் இந்த வாசல்லதான தொடங்குது? பஞ்சு கடல்ல இருந்துலா தொடங்குது. நடுவுல என்னென்ன தொட்டுச்சோ, யாருக்குத் தெரியும்?"

மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு தருவைகுளத்துக்குப் போனாள். அண்ணாச்சி கரையில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"அந்தப் பஞ்ச எதுல போட்டுக் கொண்டாந்திய, அண்ணாச்சி?"

"எதுல போட? வள்ளத்துலதான். அடியில தண்ணி கெடக்கும்லா, அதுக்குள்ள போட்டேன். வெயில்ல வாடக் கூடாதுன்னு பாத்துப் பாத்துக் கொண்டாந்தேன், டீச்சர்."

"வள்ளத்துக்கு எப்ப வேல பாத்திய?"

"அதுக்கு முந்துன வாரம்தான். பழைய கலப்பத்துக் கயிறெல்லாம் பிரிச்சிட்டு, பலகை இடுக்குல புதுசாத் திணிச்சு, குங்கிலியம் காய்ச்சி எண்ணெயோட ஊத்துனோம். ஒரு சொட்டு ஒழுகாது. மோந்து பாருங்க, இன்னும் வாசம் போகல."

அவருக்கு அதில் பெருமை. சாமி காரியம்போல அந்தப் பஞ்சை நனைத்து நனைத்துக் கொண்டுவந்திருக்கிறார். குங்கிலியம் மரப்பிசின். பிசினின் பீக்குகள் எந்த ஓரத்தில் விழும் என்று எனக்கும் தெரியும். அக்கா கையோடு கொண்டுவந்த பாட்டிலில் அந்த அடித்தண்ணீரை மொண்டு நிரப்பினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சண்டை போட்டேன். "உங்களுக்கு உலகத்துல எதுவுமே புதுசா இருக்கக் கூடாது. அப்படித்தான?"

"இருக்கணும்னுதானளா இவ்வளவும் பாக்கேன்."

"ஆவணி உங்களுக்கு வராது. எனக்கு வரும்."

அவள் பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சீட்டை விட்டு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊர் வரும்வரை அப்படியே நின்றாள்.

அந்தத் தண்ணீருக்கும் அக்கா, நான் என் பஞ்சுக்குச் செய்த எல்லாவற்றையும் செய்து, ஒரு சத்தாக்கி, குழாயில் அடைத்து அனுப்பினாள். தாள் வர ஆடி மாதம் ஆகிவிட்டது. அதுவரை நான் தூங்கியதாகச் சொல்ல முடியாது. என் மேஜையும் அவள் மேஜையும் அங்கேயேதான் இருந்தன. ஆனாலும் நாங்கள் தேவைக்கு மட்டும் பேசினோம். அவள் முன்னைவிட வேகமாக நடந்தாள்.

தாள் வந்த அன்று அக்கா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஜன்னலுக்குப் போகவில்லை. என்னிடம் நீட்டினாள். சிவப்புப் பென்சிலையும் நீட்டினாள். "நீயே பாரு" என்றாள். நான் இரண்டு தாள்களையும் கண்ணாடியில் வைத்துப் பிடித்தேன். ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்தது. அந்த அழகான வரிசை முழுவதும் குங்கிலியம். அடித்தேன். அடிக்க அடிக்கக் கை வலித்தது. சங்கு குளிக்கும் அண்ணாச்சி பாத்துப் பாத்துக் கொண்டுவந்தது அவர் வள்ளத்தைத்தான்.

எல்லாம் அடித்து முடித்தபின் ஒன்றே ஒன்று நின்றது. இடது பக்கம், கரைக்க ஊற்றிய திரவத்தின் பெரிய பீக்குக்கு அருகில், சின்னதாக ஒரு மேடு. வள்ளத்துத் தண்ணீரின் தாளில் அது இல்லை. முதல் வெறுங்குழாயிலும் இல்லை. அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பெரிய பீக்குக்கு இந்தப் பக்கம் மேடு. அந்தப் பக்கம், அதே தூரத்தில், பேனா மையைக் கக்கிய ஒரு கறை.

என்.எம்.ஆர். பார்க்கிற எவருக்கும் இது தெரியும். குழாய் சரியாகச் சுழலாவிட்டால் பெரிய பீக்கின் இரண்டு பக்கமும், சமதூரத்தில், இரண்டு பொய் மேடுகள் முளைக்கும். அந்த மைக்கறைக்கு அடியில் இன்னொரு மேடு இருந்தால் எங்கள் மேடும் பொய். அந்தக் கறைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அக்கா கேட்கவில்லை. வேறு யாருடைய தாளாக இருந்தாலும் கேட்டிருப்பாள். நானும் கேட்கவில்லை. "இவன் யாருன்னு பாக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்லும்போது பென்சிலால் தட்டவில்லை.

இவ்வளவு சின்ன மேட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நிறையப் பஞ்சு வேண்டும். அதற்கு, கடல் தெளிந்து அடங்கும் அடுத்த பங்குனி வர வேண்டும். எனக்கோ ஆவணி வாசலில் நின்றது. அந்த வாரமே அக்கா, "உங்க அப்பாவப் பாக்கணும், வா" என்றாள்.

ஆழ்வார்திருநகரி, நாசரேத் வழியாகப் போகிற பஸ். நாசரேத்தில் அவள் வீடு இருந்தும் இறங்கவில்லை. மடியில் எங்கள் வீட்டுக்கு வாங்கிய மக்ரூன் இனிப்புப் பொட்டலம். எங்கள் வீட்டில் அன்றைக்கு நான் பார்த்த அக்காவை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அம்மாவின் கைமுறுக்கைப் புகழ்ந்தாள். கருப்பட்டி இந்த வருஷம் எப்படி என்று விசாரித்தாள். அதுவரை கேள்வியே படாத என் சித்தியைப் பற்றி அம்மா பேச்சோடு சொன்னதும், அவளுடைய மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். எல்லா வீட்டிலும் எல்லாரும் பேசுகிற பேச்சு. வேறு யார் பேசினாலும் அவள் சிவப்புப் பென்சிலால் அடித்துத் தள்ளியிருக்கக்கூடிய பேச்சு. அதை ஒரு முழு மத்தியானம் பேசினாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அப்பா கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "முதல்ல புதுசா கண்டுபிடிச்சிட்டேன்னு சொல்லியனுப்புனா. இப்ப அது இல்ல, இது வேறன்னு சொல்லுதா. இதாவது நிச்சயம்தானா டீச்சரம்மா?"

படித்த கிறிஸ்தவப் பெண்கள் எல்லாருமே எங்கள் பக்கத்தில் டீச்சரம்மாதான். அக்கா அவர் முகத்தைப் பார்த்து, "நிச்சயம்" என்றாள். ஒரே சொல். "ஒரு வருஷம் பொறுங்க."

அப்பா மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்த ஆவணி வரை பாத்திரக்கடைக்காரர்களை நிறுத்தி வைக்கிறேன் என்றார். அம்மா இன்னொரு தட்டு முறுக்கு கொண்டுவந்தாள். அக்கா அதையும் தின்றாள்.

திரும்பும் பஸ்ஸில், "நிச்சயமாக்கா?" என்று கேட்டேன்.

"தெரியாதுளா."

"பெறவு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலில் சாவிக்கொத்து சுழன்றது. "அவரு நிச்சயமான்னு கேட்டாரு. தெரியலன்னு சொன்னா உன்ன இன்னைக்கே மணையில உக்கார வச்சிருப்பாரு." கொஞ்சநேரம் கழித்து, "எனக்கு வயித்தப் பெரட்டுது" என்றாள். முறுக்கு அதிகம் தின்றதால் என்று நினைத்தேன். பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, ரோட்டோரம் இறங்கி வாந்தி எடுத்தாள்.

அந்த ஒரு வருஷமும் அவள் நடந்த நடையை என்னவென்று சொல்ல. அடுத்த பங்குனியில் நாங்கள் இருவரும் அண்ணாச்சியின் வள்ளத்திலேயே போனோம். அக்காவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. தண்ணீருக்கு மேலே பஞ்சு வந்ததும் வள்ளத்தில் படாமல் நேரே கண்ணாடி ஜாடிக்குள் வாங்கினாள். "ஏ டீச்சர், என் வள்ளம் என்ன அவ்வளவு தீட்டா?" என்று அண்ணாச்சி சிரித்தார். நிறையப் பஞ்சு. நிறையச் சத்து. வெறுங்குழாய்கள் ஒரு பெட்டி. எல்லாம் பெங்களூர் போயின.

வைகாசியில் தாள் வந்தது. அந்த மேடு இருந்தது. ஆனால் இடம் மாறியிருந்தது. பெரிய பீக்கை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றது. இந்தத் தடவை மை கொட்டவில்லை. மறுபக்கம், சமதூரத்தில், அதன் ஜோடி நின்றது. குழாய் சுழன்ற வேகம் மாறியதும் அது இடம் மாறிவிட்டது. உண்மையான பொருள் அப்படி இடம் மாறாது. பஞ்சில் ஒன்றுமில்லை. அக்கா அதை அடிக்கக்கூட இல்லை. தாளைச் சுருட்டி என் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் வெயிலில் நடந்தாள்.

நான் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஒரு பாசியில் வேறொரு வேலையை ஏற்கெனவே தொடங்கியிருந்தேன். அது நிஜமாகவே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஆவணிக்குள் அதில் ஏதாவது தேறும். வேலை நடக்கிறது என்று மட்டும் அப்பாவிடம் சொன்னால் போதும், அவருக்கு எந்தப் பாசி எந்தப் பஞ்சு என்று தெரியவா போகிறது என்று நினைத்தேன். இதை அக்காவிடமும் சொன்னேன். அவள் ம் என்றாள்.

திங்கட்கிழமை காலை அப்பா ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி முழுக்கப் புழுதி. அவர் அதுவரை அங்கே வந்ததில்லை.

"எங்க அந்த டீச்சரம்மா?"

"உள்ள இருக்காங்க. என்னப்பா?"

"சனிக்கிழம மண்டிக்கு வந்தாக. அவ்வளவு ஆளு நிக்கி. எல்லாரு முன்னாலயும், 'போன வருஷம் நான் நிச்சயம்னு சொன்னது தெரியாமச் சொன்னது. இப்ப அதுல ஒண்ணுமில்லன்னு ஆயிட்டு. உங்க பொண்ணு மேல தப்பு இல்ல, நான் சொன்னதுதான் தப்பு'ன்னாக. சொல்லிட்டு நின்ன கால்லயே திரும்பிட்டாக. ஒரு வாய் தண்ணி குடிக்கல."

அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவளைக் கொன்றிருப்பேன். மேஜையில் கிடந்த என் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினேன்.

"என்னத்தளா அடுக்குத?"

"கூட்டிட்டுப் போகத்தான வந்திய?"

"அப்படி நெனச்சுத்தான் பஸ் ஏறுனேன்." அப்பா முக்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். "மண்டியில விடிஞ்சா அடஞ்சா எவனாவது ஒருத்தன் எங்கிட்டப் பொய் சொல்லிட்டுத்தான் போறான். சொன்ன பொய்யத் திருப்பி எடுக்கணும்னு பஸ் ஏறி வந்த ஆள நான் பாத்ததில்ல. இப்படியாப்பட்ட பொம்பள பக்கத்துல இருந்து நீ வேல பாக்க. முடிச்சிட்டே வா. பாத்திரக்கடைக்காரவுகளுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

நான் உள்ளறைக்கு ஓடினேன். அக்கா தொட்டிக்கு முன்னால் நின்று மெல்லிய குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த அறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். எல்லாம் கேட்டிருக்கும்.

"எதுக்காக ஒத்துக்கிட்டாரு?" என்றாள், திரும்பாமல். "உன் வேலைய நம்பியா? என் மேல எரக்கப்பட்டா?"

"ரெண்டும் இருக்கும்க்கா."

"எது எவ்வளவு?"

"அத எப்படிக்கா பிரிக்க?"

குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே சுத்தமாக இருந்ததா இல்லையா என்று பார்த்ததாகத் தெரியவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சரி, விடு" என்றாள். "பிரிக்காண்டாம். அப்படியே கெடக்கட்டும்."

குழாயைக் கீழே வைக்காமல் விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். உடைந்துவிடுமோ என்று நான் அதை வாங்கிக்கொண்டேன்.